திருமங்கலத்து மோட்டார் மாணவி

மதுரை ஸ்டேஷனில் இறங்கியதும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "கூட யாரு வந்திருக்காகம்மா?" என்பது. கேட்டவர் பெட்டி தூக்கும் போர்ட்டர். யாரும் இல்லை என்றேன். எனக்குப் பின்னால் இறங்கியவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் தலையில் ஏற்றினார். பிறகு ஜட்காக்காரர் கேட்டார். சத்திரத்துக் கணக்கர் கேட்டார். காபி கிளப்பில் இலை போட்டவரும் கேட்டார். இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி, சாயங்காலத்துக்குள் எதையோ ரயிலில் மறந்து வைத்துவிட்டு வந்தவள் போல் ஆகிவிட்டேன்.

நான் கண்டியிலிருந்து வந்திருந்தேன். என் கணவர் அங்கே மோட்டார் பட்டறை வைத்திருந்தார். பட்டறையோடு வண்டி ஓட்டவும் சொல்லிக்கொடுத்தோம். ஆண்களுக்கு அவர், தோட்டத்துத் துரைமார் வீட்டுப் பெண்களுக்கும் டாக்டர் வீட்டுப் பெண்களுக்கும் நான். அவர் காய்ச்சலில் இறந்த பிறகு பட்டறையை அவருடைய தம்பி எடுத்துக்கொண்டார். எனக்கு மாணவிகள் மிஞ்சினார்கள். அவர்களும் குறைந்துகொண்டே வந்த நேரத்தில், கொழும்புக்கு வந்துபோகும் பஞ்சுத் தரகர் ஒருவர் ஒரு சேதி கொண்டுவந்தார். திருமங்கலத்தில் பருத்தி அரைக்கும் ஆலை வைத்திருக்கும் ஒரு முதலாளி, தன் மனைவிக்கு மோட்டார் ஓட்டச் சொல்லித்தர ஒரு பெண்ணைத் தேடுகிறாராம். போகிறீர்களா என்று கேட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. மனைவிக்கு மோட்டார் கற்றுத்தரக் கடலுக்கு அப்பால் ஆள் தேடுகிறவர் எப்படிப்பட்ட மனிதர் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. ஒற்றை ஆளுக்குச் சமைத்து, ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொண்டிருப்பதற்கு அது எவ்வளவோ மேல் என்றும் தோன்றியது. கிளம்பிவிட்டேன்.

சத்திரத்தில் தனியாக வந்த பெண்ணுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்று இரவு ஸ்டேஷனிலேயே, பெண்கள் தங்கும் அறையில் பெஞ்சில் படுத்தேன். எதிர் பெஞ்சில் பட்டுச்சேலை நெய்கிற வீட்டுப் பெண்கள் இருவர், தங்கள் சவுராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். இடையிடையே என்னைப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த ஓர் அம்மாளுக்கு அந்தப் பாஷை தெரியும் போலிருந்தது. என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "மூஞ்சியப் பாத்தா நல்ல வீட்டுப் பொம்பளையாத்தான் தெரியுதுங்கிறாக" என்றார். பிறகு அந்தப் பெண்கள் ஒரு பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் புளியோதரை கொடுத்தார்கள். ருசியாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பிட்டு முடிக்கும் வரை இருவரும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை திருமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். டிரைவருக்குப் பின்னாலேயே பெண்களுக்கு என்று ஒரு பலகை போட்டிருந்தார்கள். மோட்டார் ஓட்டுகிறவளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. எங்கள் டிரைவர் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, ஒரு கையால் ஹாரனையும் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் பிடித்து ஓட்டினார். ஊரை விட்டு வெளியே வந்ததும் பின்னால் இன்னொரு கம்பெனி பஸ் வந்தது. அது முந்த முயன்றது. இவர் நடு ரோட்டுக்கு வந்தார். அது இடது பக்கம் வந்தால் இவரும் இடது. அது வலது பக்கம் வந்தால் இவரும் வலது. இரண்டு வண்டிகளும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடின. உள்ளே இருந்த ஆண்களில் பாதிப் பேர், "விடாதீகண்ணே, விடாதீக" என்று தட்டிக்கொடுத்தார்கள். பெண்கள் பலகையில் இருந்த நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டோம்.

திருப்பரங்குன்றத்துப் பாறை பக்கத்தில் வந்தபோது ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. மற்ற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போயிற்று. கண்டக்டர் தண்ணீருக்கு ஓடினார். நான் டிரைவரிடம், "வழி விட்டிருந்தால் வண்டி கொதித்திருக்காதே" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வழி விட்டா நாளைக்கு எவன்மா நம்ம வண்டியில ஏறுவான்? பயந்தாங்குளின்னு சொல்லிருவாய்ங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கொதித்ததற்கு ரேடியேட்டரைத் திட்டினார்கள். அவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கண்டியில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆண் கற்றுக்கொள்ளும்போது சுவரில் இடித்தால், வண்டி சரியில்லை என்பார்கள். பெண் இடித்தால், பெண்கள் என்றாலே இப்படித்தான் என்பார்கள். அதனால் என் மாணவிகள் ஊரிலுள்ள எல்லாப் பெண்களின் மானத்தையும் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். ஆண்கள் வந்தவுடன், "எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்பார்கள். பெண்கள், "எப்படி நிறுத்துவது?" என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்த வரை இதுதான் வித்தியாசம் என்று அன்று நினைத்திருந்தேன்.

ஆலை முதலாளியின் பெயர் ராமலிங்கம். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, நிமிர்ந்த நடை. ஆலைக்குப் பக்கத்திலேயே மாடி வீடு. பிள்ளைகள் இல்லை. வாசலில் கறுப்பு மோட்டார் ஒன்று, கித்தான் கூரை போட்டது, பளபளவென்று நின்றது. இந்தப் பக்கத்தில் சொந்தமாக வண்டி வாங்கித் தானே ஓட்டிய முதல் ஆள் அவர்தான் என்று ஆலைக் கணக்குப்பிள்ளை சொன்னார்.

"இவளுக்கு ஒரு ஆசை. அதான் உங்கள வரச் சொன்னேன், டீச்சரம்மா" என்றார் ராமலிங்கம்.

அவர் மனைவி வேலம்மாள் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆசை இருக்கிற முகமாகத் தெரியவில்லை. ஏதோ வேலையைச் செய்து முடித்தாக வேண்டும் என்று நிற்கிற முகமாகத்தான் இருந்தது.

ஊருக்கு மேற்கே ஒரு கண்மாய். கோடையில் தண்ணீர் வற்றி, கரிசல் மண் இறுகிப் பாளம் பாளமாகக் கிடந்தது. கரையில் கருவேல மரங்கள். இடிப்பதற்கு ஒன்றுமில்லாத அந்த இடத்தில்தான் பாடம் ஆரம்பித்தோம். முதல் நாள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேலம்மாள் என்னிடம் கேட்ட கேள்வி, வேகத்தைப் பற்றியும் இல்லை, நிறுத்துவதைப் பற்றியும் இல்லை.

"அக்கா, விளக்கு எப்படிப் போடுறது?"

"பகலில் விளக்கு எதற்கு? முதலில் கிளச்சை மிதி" என்றேன்.

ராமலிங்கம் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கிளச்சை விடும்போது வண்டி குதித்தால், "ஏ, மெதுவா, மெதுவா" என்பார். மெதுவாகப் போனால், "மாட்டு வண்டியா ஓட்டுற?" என்பார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள், நீங்கள் கரையில் மரத்தடியில் இருங்கள் என்று இறக்கிவிட்டேன். முகம் சுருங்கினாலும் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றுதான் வேலம்மாள் வண்டியைக் குதிக்காமல் கிளப்பினாள்.

அந்த வீட்டில் என்னை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. விருந்தாளி என்றால் கூட உட்கார்ந்து பேச வேண்டும். வேலைக்காரி என்றால் ஏவ வேண்டும். நான் இரண்டும் இல்லை. மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு மாடிக்கே வரும். சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும், சில நாள் சாயங்காலம் வெல்லமும் சுக்கும் போட்டுக் காய்ச்சிய பருத்திப்பாலும் வரும். பருத்தி விதையிலிருந்து பால் எடுத்துக் குடிப்பார்கள் என்பதை அங்கேதான் கண்டேன். சூடாகக் குடித்தால் தொண்டையில் வெகுநேரம் இருக்கும். குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கண்டியில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு மலை வந்து மறைக்கும். இங்கே மறைக்க எதுவும் கிடையாது. ஒரு மாட்டு வண்டி போனால் அது புள்ளியாகிற வரை பார்க்கலாம். அவ்வளவு பெரிய வெளியில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்ற நினைப்பு வரும். விளக்கேற்றிக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அலங்காநல்லூரில் வேலம்மாளின் அண்ணன் வீட்டில் ஒரு காதுகுத்து விசேஷம். என்னையும் அழைத்துப் போனார்கள். போகும்போது காலை வெயில். ராமலிங்கம் நன்றாகவே ஓட்டினார். கிடாக் கறி விருந்து. இலையில் சோறு மறையும் அளவுக்குக் கறி போட்டார்கள். எனக்கு அங்கேயும் தனி இலை, தனி மூலை. பந்தலில் வேலம்மாளின் அண்ணன் சத்தமாகச் சொன்னார்: "என்ன மாப்ள, தங்கச்சிய டிரைவர் வேலைக்கு அனுப்பப் போறீகளாமே. சம்பளம் எம்புட்டு?"

எல்லாரும் சிரித்தார்கள். ராமலிங்கமும் சிரித்தார். வேலம்மாள் உள்ளேயிருந்து வந்து, "கிளம்புவோமா? பொழுது சாயுது" என்றாள். "இருந்துட்டுப் போங்க மாப்ள, மோட்டாருல போறவுகளுக்கு என்ன அவசரம்" என்றார் அண்ணன். ராமலிங்கம் உட்கார்ந்துவிட்டார். அவள் இன்னும் இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள். கடைசியில் நாங்கள் கிளம்பியபோது சூரியன் இறங்கியிருந்தது.

நாகமலை ஓரமாக வண்டி போயிற்று. நான் பின்சீட்டில். வேலம்மாள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். என்னிடம் அதிகம் பேசாதவள், அன்று வாய் ஓயவில்லை.

"இந்தா ஒரு வண்டி வருதுங்க, வைக்கோல் ஏத்தி இருக்கான். இடப்பக்கம் புளியமரம் எம்புட்டு வளந்திருச்சு பாருங்க. பாலத்த இன்னும் கட்டாமலே வச்சிருக்காக."

"தெரியுது, தெரியுது" என்று அவர் ஸ்டியரிங்கைத் திருப்புவார். பிறகு என் பக்கம் சொன்னார்: "பாத்தீகளா டீச்சரம்மா, பொம்பளைக பக்கத்துல உக்காந்தா வாய் சும்மா இருக்காது."

கண்டியிலும் கணவன்மார்கள் இதைத்தான் சொல்வார்கள். நானும் சிரித்துவைத்தேன். அவள் அந்தப் பேச்சை விட்டு வேறு ஏதாவது பேசட்டும் என்றுகூட நினைத்தேன். அதனால் முன்னால் குனிந்து, "காது குத்திய பிள்ளை உனக்கு என்ன முறை வேண்டும்?" என்று கேட்டேன்.

வேலம்மாள் பதில் சொல்ல என் பக்கம் திரும்பினாள். வளைவு ஒன்று வந்தது. வண்டி வளையவில்லை.

விளக்கு வெளிச்சத்தில் ஒரு குடும்பம் தெரிந்தது. ஒரு மனிதர், தலையில் விறகுக் கட்டோடு அவர் மனைவி, இடுப்பில் குழந்தை. எனக்கு அவர்கள் துலக்கமாகத் தெரிந்தார்கள். ராமலிங்கம் நேராக அவர்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பிரேக்கை மிதிக்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. வேலம்மாள் திரும்பிப் பார்த்து, ஒரு சத்தம் போட்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வண்டி ரோட்டை விட்டு இறங்கிப் பருத்திக் காட்டுக்குள் சாய்ந்து நின்றது.

இறங்கி ஓடினோம். அந்தப் பெண் ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அழுதது. விறகு சிதறிக் கிடந்தது. யாருக்கும் அடி இல்லை. அந்த மனிதர் மரியாதை குறையாமல் கேட்டார்: "என்ன சாமி, இம்புட்டு வெளக்குப் போட்டுக்கிட்டு வாரீக. ஆளு தெரியலையா?"

ராமலிங்கம் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "தெரியலப்பா" என்றார்.

குனிந்து விறகைப் பொறுக்கிக் கொடுக்கப் போனார். அப்போதுதான் கண்டேன். கை ஒரு குச்சிக்கு இந்தப் பக்கம் மண்ணைத் தொட்டது. பிறகு அந்தப் பக்கம் தொட்டது. குச்சி நடுவில் கிடந்தது. "விடுங்க சாமி, நான் எடுத்துக்கிறேன்" என்று அந்தப் பெண் சொன்னாள். அவர் தடவிக்கொண்டே இருந்தார். வேலம்மாள் போய் அவர் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

வழியெல்லாம் அவள் பேசியது என்ன என்று அப்போது யோசித்தேன். மரம் சொன்னாள், வைக்கோல் வண்டி சொன்னாள், பாலம் சொன்னாள். வானம் சிவந்து கிடந்ததை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரோட்டில் இல்லாத எதையும் அவள் சொல்லவில்லை.

அந்த மனிதரும் நாங்களும் சேர்ந்து வண்டியை ரோட்டுக்குத் தள்ளினோம். ராமலிங்கம் எஞ்சின் மூடியின் மேல் ஒரு கையை வைத்துத் தடவிக்கொண்டே வண்டியைச் சுற்றிப் போனார். ஓட்டுகிறவர் ஏறும் வலது பக்கக் கதவைத் தாண்டி, இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

வேலம்மாள் என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க வாங்க" என்றாள்.

நான் வந்து ஓட்டியிருக்கலாம். அந்த இருட்டில் அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தேன். அவர் இடம் விட்டிருந்தது எனக்கல்ல, அவளுக்கு. "நீயே ஓட்டு. நான் உனக்குப் பின்னாலேயே இருக்கிறேன்" என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறினேன்.

விளக்கு எப்படிப் போடுவது என்று அவளுக்கு நான் இன்னும் சொல்லித்தந்திருக்கவில்லை. நல்லவேளை, அது எரிந்துகொண்டிருந்தது. நடை வேகத்துக்குக் கொஞ்சம் மேலே ஓட்டினாள். தோள் இறுகியிருந்தது. ராமலிங்கம் "மெதுவா" என்றும் சொல்லவில்லை, "மாட்டு வண்டியா" என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, "இப்ப எங்கன வந்திருக்கோம்?" என்று கேட்டார்.

"நம்ம கண்மாய்க் கரை வந்திருச்சுங்க" என்றாள்.

மறுநாள் ஆலைக் கொட்டகையில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே ராமலிங்கம் என்னிடம் பேசினார். மெட்ராஸ் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டியாயிற்றாம். இருட்டில் தெரியாத இந்தக் கண் போகப் போகப் பகலிலும் மங்கும், மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். "டிரைவர் வச்சா அவன் மூலமா ஊருக்கே தெரிஞ்சிரும், டீச்சரம்மா. பஞ்சு பாத்து விலை சொல்றவன் நான். எனக்குக் கண்ணு தெரியலன்னா எவன் என் பேச்சுக்குக் கட்டுப்படுவான்? அதான் இவ கத்துக்கட்டும்னு நெனச்சேன். இவளுக்கும் தெரிய வேணாம்னு பாத்தேன்."

"உனக்குத் தெரியும் என்பதை நீயும் அவரிடம் மறைத்தாயா?" என்று அன்று கண்மாயில் வேலம்மாளிடம் கேட்டேன்.

"ரெண்டு வருசமா இப்படித்தான்க்கா வழி சொல்லிக்கிட்டு வாரேன்" என்றாள். "எனக்குத் தெரியும்னு சொன்னா வண்டிய நிறுத்திருவாக. அத நிறுத்திட்டா அவுக எப்படி இருப்பாக?"

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு மாடி ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் மனம் நோகக் கூடாது என்று ஒருவர் மறைத்துக்கொண்டு, இருட்டில் அத்தனை மைல் போயிருக்கிறார்கள். எனக்கு மறைக்கவும் ஆள் இல்லை, என்னிடம் மறைக்கவும் ஆள் இல்லை. கீழே அவர்கள் பேசிக்கொள்வது கேட்டது. என்ன பேச்சு என்று கேட்கவில்லை. இரண்டு குரல்கள் மட்டும் மாறி மாறிக் கேட்டன.

பிறகு பாடம் வேகமாக நடந்தது. வேலம்மாளைப் பற்றி நான் போட்ட கணக்கு தப்பு என்றும் தெரிந்தது. ரோடு பழகியதும் அவள் ஆக்ஸிலரேட்டரை அழுத்த ஆரம்பித்தாள். மதுரைக்குப் போகும் நேர் ரோட்டில் ஒரு நாள், முன்னால் போன பஸ்ஸை முந்தினாள். என் கை தானாகக் கதவைப் பிடித்துக்கொண்டது. பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். பக்கத்தில் ராமலிங்கம், "மெதுவா தாயி, மெதுவா" என்று பெண்கள் பலகையில் உட்கார்ந்தவர் போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆணுக்கு வேகம், பெண்ணுக்குப் பயம் என்று நான் பல வருஷமாகச் சொல்லிவந்தது அந்த ரோட்டில் புழுதியாகப் போயிற்று.

மதுரையில் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி, அவளை வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு, ஓட்டி முடித்ததும் ராமலிங்கத்தைப் பார்த்து, "நீங்க ஓட்டுறவராச்சே, இவுக எதுக்கு?" என்றார்.

"நான் ஓட்டுனது போதும்" என்றார் ராமலிங்கம். திருமங்கலம் சந்தையில் கேட்டவர்களுக்கும் இதையேதான் சொன்னார். சிலர் சிரித்தார்கள். பொண்டாட்டி ஓட்ட ஜம்பமாக உட்கார்ந்து வருகிறான் என்றார்கள். அவர்கள் அப்படி நினைத்துக்கொண்டிருந்த வரை அவருக்கு நல்லதுதான்.

நான் ஊர் திரும்பிய அன்று இருவரும் என்னை மதுரை ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார்கள். வேலம்மாள் வாசலை ஒட்டி, ஜட்காக்களுக்கு நடுவே, ஒரே திருப்பில் வண்டியை நிறுத்தினாள். சரியா அக்கா என்று கேட்கவில்லை. இறங்கி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ராமலிங்கம், "போய்ட்டு வாங்க டீச்சரம்மா" என்று கும்பிட்டார். அவர் கும்பிட்ட திசையில் நான் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டேன். பொழுது இறங்குவதற்குள் வீடு சேர வேண்டும் என்று நானே அவர்களைப் போகச் சொன்னேன். "இருட்டுனா என்னக்கா, நான்தானே ஓட்டுறேன்" என்றாள் அவள்.

ரயிலுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. பெட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குள் கறுப்பு மோட்டார் ஊர்ந்து, தெரு முனைக்குப் போயிற்று. அங்கே அவளுடைய வலது கை, வளையல்களோடு, வெளியே நீண்டது. நான் எழுந்து நின்று கையைத் தூக்கி ஆட்டினேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வலது பக்கம் திரும்புகிறேன் என்று பின்னால் வருகிறவர்களுக்கு மோட்டார்க்காரர்கள் காட்டும் கை அது. பின்னால் வந்த ஜட்காக்காரர் கடிவாளத்தை இழுத்து நிறுத்தி வழி விட்டார். வண்டி திரும்பி மறைந்தது. போர்ட்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தூக்கிய கையைக் கீழே இறக்கச் சற்று நேரம் ஆயிற்று.